கல்லாற்றங்கரை அடுப்பு

மனைவி இறந்த வருஷம் நானே கேட்டு வாங்கிக்கொண்டுதான் சர்வே முகாமுக்குப் போனேன். வலியசாலை வீட்டின் அடுக்களைக்குள் நுழைய என்னால் முடியவில்லை. கல்லாற்றுக்கு மேலே காட்டோரம் கூடாரம் அடித்திருந்தார்கள். நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சமைப்பார்கள், சிரிப்பார்கள். பிராமண ஆசாரப்படி நான் தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும். அவர்களுக்கு நன்றாக எட்டத்தில், ஆற்றைப் பார்த்தபடி என் மூன்று கற்கள்.

சாமான் அதிகமில்லை. சோற்றுக்கு வெண்கலப் பானை, சிரட்டை அகப்பை, ஊதுகுழல், அவள் கல்யாணத்தில் கொண்டுவந்த கல்சட்டி. வேலை முடிந்து வந்ததும் ஈர விறகோடு மல்லுக்கட்டி, சேனையும் பயறும் போட்டுப் புளிக்குழம்பு வைப்பேன். இறக்கி வைத்த பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். பேச ஆளில்லாத இடத்தில் அந்தச் சத்தம் அடங்குகிற வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அந்தியில், நெருப்பை அணைத்துவிட்டு இலை போடப் போகும்போது, கொம்பன் யானை இறங்கிவிட்டதாகக் கூச்சல். எல்லாரும் பாறைமேல் ஏறிக்கொண்டோம். அது நேராக என் அடுப்புக்கு வந்தது. சோற்றைத் துழாவித் தின்றது, பானையை மிதித்தது, ஆற்றைக் கடந்து போய்விட்டது.

இறங்கி வந்து பார்த்தால் பானை நசுங்கிக் கிடந்தது. கல்சட்டி துண்டு துண்டாகியிருந்தது. குந்தி உட்கார்ந்து துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. விரல் சுட்டது.

சங்கிலிக்காரர்களில் என் வயதுள்ள ஒருவர் வாழையிலையில் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் கொண்டுவந்தார். கையில் தராமல் கல்லின்மேல் வைத்தார்.

"வேறொண்ணும் இல்ல, சாமி. இதத் தின்னுங்கோ."

தயங்கினேன். பிறகு பசி வென்றது. நான் தின்பதைப் பார்த்தபடி அவரும் எதிரே குந்தினார்.

"சட்டி ஒடஞ்சதுக்கு வீட்டில மாமி ஏசுவாங்களோ?"

"அவ இல்லை. ஆவணியிலே போய்ட்டா."

அந்த முகாமில் அதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் எழுந்து போய், தம் பங்கிலிருந்து இன்னும் கொஞ்சம் கிழங்கு எடுத்துவந்து என் இலையில் வைத்தார்.

மறுநாள் சங்கிலிக்காரர்கள் ஒரு புது மண்பானை கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் தனியாகத்தான் சமைத்தேன். கற்களை மட்டும் அவர்கள் நெருப்பின் வெளிச்சம் விழுகிற இடத்துக்கு நகர்த்திக்கொண்டேன். அவர்கள் பேச்சு தெளிவாகக் காதில் விழும். முகாம் கலைகிற வரை அப்படியே சாப்பிட்டேன்.