மல்லிகை கட்டிய நாய்

மூன்று வாரக் குட்டிகள் ஐந்தைத் தாய் நாயிடமிருந்து பிரித்துச் சாக்கில் கட்டி அனுப்பியவன் நான். அனுப்பச் சொன்னதும் நான்தான், சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். தாய்க்கு என்ன ஆகும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் எங்கள் வீட்டில் மாடுகள் இருந்தன. பால் தேங்கிய மடி என்ன பாடுபடும் என்பது சிறு வயதிலேயே பார்த்தறிந்த விஷயம்.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் புதிதாக வந்த ஒரு சிறிய கம்பி ஆலையில் ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. பி.எஸ்சி. படித்தவன் என்ற மிதப்பும் இருந்தது. ஸ்டோரின் பின்மூலையில், பழைய கோணிகளின் மேல் ஒரு செவலை நாய் குட்டி போட்டிருந்தது. முதலாளி சென்னையிலிருந்து பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். அவர் கண்ணில் அந்த மூலை படக்கூடாது என்று நினைத்தேன். நாய் சோறு தேடி வெளியே போன நேரம் பார்த்து, குட்டிகளை லாரியில் ஏற்றச் சொன்னேன்.

"இன்னா சார், இப்பத்தான் கண்ணு தொறந்துக்கினு தள்ளாடுதுங்க. இன்னும் ஒரு மாசம் வுட்டா தானா ஓடிடும்" என்றார் வாட்ச்மேன்.

"முதலாளி கேட்டா நீ பதில் சொல்றியா?"

"அவரு கம்பிய எண்ண வர்றாரா, குட்டிய எண்ண வர்றாரா?"

லாரி டிரைவர் சிரித்தார். புதுவாயல் கூட்டுரோட்டில் டீக்கடைப் பக்கம் இறக்கிவிடுகிறேன் என்றார். சாக்கைக் கட்டும்போது உள்ளே ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

லாரி கேட்டைத் தாண்டும்போது நாய் எதிரே வந்துகொண்டிருந்தது. நின்று காற்றை மோந்தது. லாரி திரும்பிய பக்கமே வெகுநேரம் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை.

முதலாளி அன்று வரவில்லை. அந்த மாதமே வரவில்லை.

மறுநாள் விடியற்காலை எங்கள் வாடகை வீட்டு வாசலில், சிமெண்டுத் தரையில் வெள்ளைச் சொட்டுகள் கிடந்தன. சீரான இடைவெளி விட்டு, கதவு வரை வந்து திரும்பிப் போயிருந்தன. கோல மாவோடு வந்த என் மனைவி, யாரோ தனக்கு முன்பே புள்ளி வைத்துவிட்டார்கள் என்பதுபோல் நின்றாள்.

"சுண்ணாம்பா இருக்கும்" என்றேன்.

அவள் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். எங்கள் பெண் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். மாவோடு உள்ளே போனாள். அன்று வாசலில் கோலம் இல்லை.

மூன்றாம் நாள் சொட்டுகள் மஞ்சளாக இருந்தன. நான்காம் நாள் நடுவே ஒரு சிவப்பு இழை. ஆலையிலும் நாயைப் பார்த்தேன். அது படுக்கவே இல்லை. பின்னங்கால்களை அகட்டி நின்றபடி, வெறும் கோணியில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் வைத்த சோற்றில் எறும்பு மொய்த்தது. மடிவீக்கம் என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். வாயைத் திறந்தால் சாக்கைப் பற்றியும் பேச வேண்டி வரும்.

பிறகுதான் ஆலையில் அந்தப் பேச்சு கிளம்பியது.

"சார், பொழுது சாஞ்சப்புறம் கருவேலங்காட்டு வழியா போவாத. மல்லிப்பூ வாசனை வருது. பூ வச்சவ ஒருத்தியும் இல்ல" என்றான் ஒரு லோடுமேன்.

"இருந்திருந்தா நீ அவ பின்னாடியே போயிருப்ப" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் வீட்டுக்கு அது ஒன்றுதான் வழி.

அன்று மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் காட்டுக்குள் பாதி தூரம் போயிருப்பேன். முதுகுக்குப் பின்னாலிருந்து மல்லிகை வாசனை வந்தது. நின்றேன். சருகு அரைபடும் சத்தமும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. மல்லிகையோடு கலந்து இன்னொரு வாடை, ஏதோ அழுகுகிற வாடை. திரும்பிப் பார்க்கும் தைரியம் என்னிடம் இல்லை. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, வீட்டை நோக்கி ஓடினேன்.

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கத் துவைகல்லருகே நின்றிருந்தாள். "வா, வா" என்று என்னைத் தாண்டி யாரையோ கூப்பிட்டாள். திரும்பினேன். அந்த நாய் வந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றைச் சுற்றி அவளுடைய பழைய புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. உள்ளிருந்து நசுங்கிய மல்லிகை பிதுங்கியது.

"நீயா கட்டின?"

"பழவேற்காட்டு மீன்காரம்மா சொன்னாங்க. கொழந்த தவறிட்டா பொம்பளைங்க மல்லிப்பூவ மார்ல வச்சுக் கட்டிப்பாங்க, பாலு வத்திடும்னு. இதுவும் பெத்ததுதானே?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"குட்டிங்கள அனுப்பினத நீங்க எங்கிட்ட சொன்னீங்களா? டிரைவர் சம்சாரம் சொல்லித்தான் தெரியும்."

குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். பூக்கள் பழுப்பேறி நைந்திருந்தன. இடப்பக்கக் கடைசிக் காம்பைச் சுற்றிய சதை கத்தரிக்காய் நிறத்தில், கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. லேசாக அழுத்தியதும் மஞ்சள் சீழும் ரத்தமும் வந்தன. நாய் பல்லைக் காட்டியது, ஆனால் கடிக்கவில்லை.

மறுநாள் வாயைத் துணியால் கட்டி, சைக்கிள் ரிக்‌ஷாவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

"நோயில்லாத மடிக்குப் பூ கட்டலாம். சீழ் பிடிச்ச மடிய இறுக்கிக் கட்டினா உள்ளேயே அழுகும். வெளிய எடுக்கணும்" என்றார் டாக்டர். "வெந்நீர்த் துணியால நாலு வேளை ஒத்தடம் குடுத்து, மெதுவா பீச்சி எடுங்க. பெனிசிலின் அஞ்சு நாள் போடணும். சதை கறுத்துதுன்னா உடனே கொண்டுவாங்க. குட்டிங்க எங்க?"

சொன்னேன். அவர் ஊசியைத் துடைத்தபடியே, "ஒண்ணு ரெண்டு கிடைச்சாலும் கொண்டுவாங்க. சீழ் வர்ற காம்ப மட்டும் மறைச்சு வுடுங்க. மத்த காம்புல குடிச்சாத்தான் அதுலயும் பால் கட்டாம இருக்கும்" என்றார்.

நாயை வீட்டில் விட்டுவிட்டுப் புதுவாயலுக்குப் பஸ் ஏறினேன். சாக்கில் வந்த குட்டிகளைப் பற்றிக் கேட்டதும் டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்தப் புண்ணியவான்? ரெண்டு லாரில மாட்டிச்சு. மிச்சம் எங்க போச்சோ. அடுப்பாண்ட ஒண்ணு தூங்குது பாரு. அது உன்னுதா, இந்தத் தெரு நாய் பெத்ததான்னு எனக்கு இன்னா தெரியும்? எடுத்துக்கினு போ நைனா, என் பாலெல்லாம் அதுதான் குடிக்குது."

செவலை நிறத்தில், நெற்றியில் வெள்ளை. அந்த ஐந்தில் ஒன்றா என்று பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. சாக்குக்குள் நான் பார்த்திருந்தால்தானே.

வீட்டில் மனைவி கேட்டாள், "இது அதோடதுதானா?"

"ஆமா" என்றேன்.

நாய் குட்டியைத் தலை முதல் வால் வரை மோந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தது, கேட்டருகே பார்த்த அதே பார்வை. அதன்பின் மெல்லச் சாய்ந்து படுத்து, குட்டிக்கு வயிற்றைக் காட்டியது. மனைவி அழுதாள். நான் வெந்நீர் வைக்கப் போனேன்.

ஐந்து நாளும் என் கையாலேயே ஒத்தடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் கட்டி உடைந்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டுச் சோறு தின்றது. அந்தக் காம்பு மட்டும் சுருங்கி முடிச்சாக நின்றுபோனது. குட்டி கொழுத்து வளர்ந்தது.

ஆனால் அந்த ஊரில் நாங்கள் இருந்த வரை, பொழுது சாயும் நேரத்தில் நாய் குட்டியை விட்டுவிட்டு எழுந்துவிடும். காட்டைக் கடந்து ஆலைக் கேட்டுக்குப் போய், லாரி திரும்பிய பக்கம் பார்த்து நிற்கும். பிறகு வீட்டுக்குத் திரும்பும். குட்டி பால் மறந்த பிறகும், விடிந்ததும் வாசலில் வெள்ளைச் சொட்டுகள் இருக்கும். மனைவி அவற்றைக் கழுவாமல், சுற்றிலும் இடம் விட்டுக் கோலம் போடுவாள். குட்டியைப் பற்றி அவள் என்னிடம் மறுபடி கேட்கவில்லை.