வரிசைத் தட்டோடு நின்ற ஞாயிறு

திண்டிவனத்தில் அந்த மஞ்சள் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். போன மாதம் அந்தத் தெரு வழியாக நடந்தபோது பார்த்தேன். கீழே சிறிய மண்டபம், மேலே ஒரே ஒரு அறை. அந்த அறையில் கடகடவென்று சுற்றிய மின்விசிறிக்கும், ஞாயிறு மாலைகளில் அங்கே குடித்த டீக்கும் இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. ஆனால் அதைத் தேடிப் போன முதல் நாளை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அப்போது நான் விழுப்புரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கை நடுங்காமல் இருக்க, காலையில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைப் பிடிப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை, வேன் சீட்டுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"புள்ளைங்கள ஏத்திக்கினு போறியே, உனக்கு எப்படி மனசு வருது?" என்றாள். "திங்கக்கெழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா நானே ஸ்கூல்ல போயி சொல்லிடுவேன். வேல போனா போவட்டும்."

அவள் சொன்னால் செய்வாள். அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு என்றார். நான் திண்டிவனம் என்றேன். மதுக்கடை வாசலில் ஊரே பார்க்க நின்றவன்தான். குடியை விடப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் நேரமும் இடமும் எழுதினார். ஞாயிறு நாலரை மணி, மஞ்சள் கட்டடம். "போர்டு எதுவும் இருக்காது. அங்க போய்க் கேளுங்க" என்றார். கேட்பதுதான் எனக்கு வராதே.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. மண்டப வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. தயங்கி எட்டிப் பார்த்தேன். "வாங்க, வாங்க" என்று ஒருவர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். குடிகாரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டே நெற்றியில் இட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டுப் புடவையோடு பெண்ணை அழைத்துவந்து உட்கார வைத்த பிறகுதான் அது நிச்சயதார்த்தம் என்று புரிந்தது. எழுந்து போகவும் கூச்சம். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் வரிசைத் தட்டு பதினொன்று, தூக்க ஆள் பத்து.

"பெரிய மச்சான் எங்கடா?" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கத்தினார்.

"கடைக்குப் போயிருக்காரு."

"இன்னிக்குமா? நல்லா பேஜாரு பண்றான்யா. அண்ணா, சும்மாதான உக்காந்துக்கினு இருக்கீங்க? இந்தத் தட்டப் புடிங்க. ஜல்தி, ஜல்தி!"

ஆப்பிள் அடுக்கிய தட்டு என் கைக்கு வந்துவிட்டது. குடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. தட்டு ஆட ஆரம்பித்தது. உச்சியிலிருந்த ஆப்பிள் விழுந்து உருண்டு, போட்டோக்காரர் காலடியில் போய் நின்றது.

பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் கையையே பார்த்தார். தன் தட்டை அப்போதுதான் உள்ளே வந்த மகளிடம் கொடுத்துவிட்டு என் தட்டை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எந்த வூட்டு ஆளுங்க?" என்றார் மெதுவாக.

"எந்த வீடும் இல்லைங்க. ஒரு மீட்டிங்குக்கு வந்தேன்."

"நெனச்சேன். எங்க வூட்டுக்காரரு கையும் இப்படித்தான் ஆடிச்சு. வெளிய பக்கவாட்டுல படி இருக்கு, மேல போங்க. அவருதான் அங்க டீ போடறாரு. மச்சினன் புள்ள நிச்சயத்துக்குக்கூட எறங்கி வரமாட்டேன்னுட்டாரு, டீ ஆறிடுமாம்!"

ராகு காலம் பிறக்கும் நேரத்தில் படி ஏறினேன். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் அந்த இடம் எங்களுக்குச் சும்மா கிடைத்ததே அதனால்தான் என்பது பிறகு தெரிந்தது.

மேலே எட்டுப் பேர் இருந்தார்கள். யாரும் பேர் கேட்கவில்லை. டீ போட்டவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "கீழ கையெல்லாம் நனைச்சாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் அரை டம்ளர்தான் ஊற்றினார். சிந்தாமல் குடிக்க அதுதான் சரியான அளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "குடிச்சிட்டு ஸ்கூல் வண்டி ஓட்டினேன்" என்றேன். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அங்கே சொல்ல முடிந்ததை இன்னோர் இடத்திலும் சொல்லியாக வேண்டும் என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது.

திங்கட்கிழமை நானே தாளாளரிடம் போய்ச் சொன்னேன். சாவியை வாங்கி மேஜை அறைக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு, "இனிமே வண்டியத் தொடாத. தோட்டத்துக்குத் தண்ணி விடறியா?" என்றார். சரி என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் மனைவி நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினாள். வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்கவில்லை.