ரியூப் லைற்றுக்குக் கீழே றெஜினாக்கா

றெஜினாக்கா விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி ஒரு துண்டு பனங்கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறார். தொண்டைக்காக. நற்கருணை வாங்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் வாயில் ஒன்றும் போடக்கூடாது, பூசையோ ஐந்தரைக்கு. ஆகையால் கற்கண்டு கரையுமட்டும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். கரையாவிட்டால் கடித்து நொறுக்கிவிடுவார்.

குருநகரில் எங்கள் சிற்றாலயத்துப் பாடகர் குழுவை இருபத்தாறு வருடமாக நடத்துகிறவர் இவர்தான். பகலில் கிழிந்த வலை பொத்துவது தொழில். வலையில் அறுந்த ஒரு கண்ணைத் தேடிப் பிடிக்கிற அதே பார்வை, பாட்டில் பிழை வந்தால் பின்வரிசையில் நிற்கும் என்மீது விழும். நான் குழுவில் நிற்பது குரலுக்காக அல்ல, ஆள் போதாததால். ஓகன் பெட்டி வாசிக்க ஆள் வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் றெஜினாக்காதான் முதல் சுரத்தை வாய்க்குள் முனகிப் பிடித்து எங்களுக்குத் தருவார். "எடுப்புப் பிழைச்சால் பாட்டு முழுக்கப் பிழை," என்பார். அவருடைய எடுப்புப் பிழைத்து நான் கேட்டதில்லை.

போன தை மாதம் ஆலயத்து ரியூப் லைற்றுகளின் சோக்குகளை எல்லாம் மாற்றினோம். பழைய சோக் செங்கல் கனத்தில் ஓர் இரும்புக் கட்டி. சுவிச்சைப் போட்டால் லைற் நாலு தரம் கண்சிமிட்டி, யோசித்துத்தான் எரியும். பிறகு பூசை முடியுமட்டும் 'ம்ம்ம்' என்று இரையும். புதியது எலெக்ட்ரோனிக். சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, கையில் கனமே தெரியாது. போட்டவுடன் எரியும், கரண்டும் மிச்சம், சத்தம் மருந்துக்கும் இல்லை. பொருத்திய பிரவீணன், "இனி ஊசி விழுந்தாலும் கேக்கும்," என்றான். சுவாமியார் பிரசங்கத்திலேயே அவனுக்கு நன்றி சொன்னார்.

சோக் மாற்றிய அடுத்த நாள் காலைப் பூசையிலேயே வருகைப் பாடல் எட்டாத உயரத்தில் தொடங்கியது. மேலே ஏறவேண்டிய வரியில் பாதிப்பேர் வாயை மூடிக்கொண்டோம். மறுநாள் பாட்டு கிணற்றுக்குள் இறங்கியது. ஞாயிறு ஓகனோடு எல்லாம் சரி. திங்கள் மறுபடி பிழை. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பனி என்றார்கள், நாவூறு என்றார்கள். ஒருத்தர் இஞ்சிக் கோப்பி கொண்டுவந்தார், இன்னொருவர் மிளகுத் தண்ணீர். றெஜினாக்கா எல்லாவற்றையும் குடித்தார். கடைசியில், "எனக்குக் காது போயிட்டுது போல," என்றார். "கோயில் பெருநாளுக்கு முன்னம் வேறை ஆரையும் பிடியுங்கோ எண்டு பாதரிட்டைச் சொல்லப்போறன்." எனக்குத் துக்கமாகிவிட்டது. பாட்டை விட்டால் அவருக்கு வலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதற்கிடையில் கரண்ட் ஏறி இறங்கியதில் எங்கள் மூலைக்கு மேலே இருந்த புதுச் சோக் எரிந்துபோனது. வேறொன்று வரும்வரை பிரவீணன் பழையதையே திரும்பப் பூட்டினான். அன்று காலை எடுப்பு பழையபடி அச்சொட்டாக வந்தது. பூசை முடிந்து, விட்டுப்போன ஏணியை எடுக்க வந்தவன், றெஜினாக்கா அடுத்த நாள் பாட்டை முனகிப் பார்ப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் முனகிறதும் உந்தச் சோக் இரையிறதும் ஒண்டாயெல்லோ கிடக்கு!"

லைற்றை அணைத்தான், அவர் சுரம் மெல்ல வழுகியது. போட்டான், திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். றெஜினாக்கா சிரிக்கவில்லை.

"அப்ப இருபத்தாறு வருசமாச் சுருதி பிடிச்சது நானோ, சோக்கோ?"

சோக் எல்லோருக்கும்தானே இரைந்தது, அதிலிருந்து சுரம் எடுத்தது நீங்கள் ஒருவர்தானே என்று சொல்லிப் பார்த்தேன். "உது ஆறுதலுக்குச் சொல்லுற கதை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஒரு லைற்றுக்கு மட்டும் பழைய சோக்கையே விட்டு, சுவரில் தனிச் சுவிச்சும் வைத்துக்கொடுத்தான் பிரவீணன். பாட்டு நேராகிவிட்டது. வேறு ஆள் தேடும் பேச்சும் நின்றது. அவர் மட்டும் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் லைற்றை அண்ணாந்து பார்ப்பார், சக்களத்தியைப் பார்ப்பதுபோல.

போன செவ்வாய்க்கிழமை. மணி அடித்தது, சனம் எழுந்து நின்றது, சுவாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். மேலே லைற் இரைந்துகொண்டிருந்தது. றெஜினாக்கா பாட்டுப் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டுச் சுவரடிக்குப் போனார். அந்தச் சுவிச்சை அணைத்தார். திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்று, வாயைத் திறந்தார்.