மின்னுகிற பக்கம் மேலே

நான் பட்டம் வாங்கியவன். தரையில் குந்திக் கல் பதிக்கிறவன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் லைனில் யாருக்கும் பிடிப்பதில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகளைத்தான் நாங்கள் லைன் என்கிறோம். அங்கே படித்தவன் என்றால் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும், கழுத்தில் அட்டை தொங்க வேண்டும், சாயங்காலம் சட்டை கசங்கி வரலாம், ஆனால் அழுக்காகி வரக்கூடாது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா இன்றைக்கும் கட்டைவிரலைத்தான் மையில் தோய்க்கிறார். அப்படிப்பட்ட வீட்டில் பி.காம். முடித்த ஒருவன் முழங்காலுக்கு ரப்பர் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால், பக்கத்து வீட்டார் என் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுகிறார்கள்.

நானும் நான்கு வருஷம் ரயிலில் போனவன்தான். பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் ஒரு கல் மொசைக் பட்டறை. சரக்கு வரவு எழுத என்னை வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் மொசைக் என்றால் சலவைக்கல் சிப்ஸையும் சிமென்ட்டையும் கலந்து ஊற்றி, மெஷின் வைத்துத் தேய்க்கிற தரையைச் சொல்வார்கள். அந்தப் பட்டறையில் செய்தது வேறு. கல்லைப் பட்டை பட்டையாக அறுத்து, பட்டையைக் கட்டைவிரல் நகத்தளவு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் கையால் வரிசைப்படுத்தி, அடியில் நார் வலை ஒட்டிப் பலகை பலகையாக எடுப்பார்கள். சாயம் கிடையாது, அச்சு கிடையாது. கல்லுக்கு என்ன நிறமோ அதுதான் தரைக்கும் நிறம். தேய்ந்தாலும் உள்ளே இருப்பது அதே கல்தான் என்பதால் நிறம் போகாது. மத்தியானச் சோற்றை அவசரமாக முடித்துவிட்டு அறுப்பு மேசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். முதலில் துரத்தினார்கள். அப்புறம், வேலை நடக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். லைன் கோடியில் கூரை போட்ட ஓர் இடத்தை எடுத்தேன். பழைய அறுப்பு மெஷின் ஒன்று வந்தது. கோலார்ப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் மூலையில் குவித்துப்போட்ட உடைசல்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

முதல் பெரிய வேலை ராபர்ட்சன்பேட்டையில் கிடைத்தது. ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். வாசல் முகப்பில், செருப்பைக் கழற்றுகிற இடத்தில், பன்னிரண்டடி அகலத்துக்குப் பூப்போட்ட அச்சு டைல் பதிப்பதாக ஏற்பாடு. நான் ஒரு சதுர அடி மாதிரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடையில் கூட்டம் குறைகிற வரைக்கும் நின்றேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார்.

"ஆரத்தித் தண்ணி கொட்டுற எடம் தம்பி. மஞ்ச புடிச்சிக்கினு நிக்கக்கூடாது. அச்சு டைல்னா தொடச்சா போயிடும்" என்றார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து தரச் சொன்னேன். யாருக்கு ஆரத்தி என்று கேட்டார். கல்லுக்கு என்றேன். கலந்து கொடுத்தார். கறை இறங்காமல் இருக்கப் பூசுகிற மருந்தை மூன்று கை பூசி வைத்திருந்த மாதிரியின் மேல் அதை ஊற்றி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவிட்டேன். கழுவினால் பழைய கல் அப்படியே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் ஜவுளிக்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். ஆனால் டைல் பெட்டிகளை அவர் திருப்பி அனுப்பவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் தரை சரியாக இல்லையென்றால் அதன் மேலேயே டைலை ஒட்டிவிடுவேன், அப்புறம் என்னிடம் வந்து நிற்காதே என்று நேராகவே சொன்னார். பெட்டிகள் முகப்புச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியபடி நின்றன. இரண்டு மாதம் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன்.

சாம்பல் கிரானைட், கறுப்பு, கொஞ்சம் ரோஜா நிறம். இவை உடைசலில் கிடைத்தன. வட்டம் வட்டமாக அமைக்கிற அந்தத் தரையில் வெளிவட்டத்துக்கு மட்டும் எங்கள் ஊர்க் கல் வேண்டும் என்று முடிவு செய்தேன். தங்கத்துக்காக வெட்டி மேலே ஏற்றிய பாறையில், தங்கம் இல்லாதது என்று கழித்ததைத்தான் லைனில் மதில்களாக வைத்திருக்கிறார்கள். பச்சை கலந்த கறுப்பு, ஊடே வெள்ளைக் கோடு. எங்கள் லைனில் இடிந்து விழுந்த ஒரு மதிலின் கற்களை வீட்டுக்காரரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தங்கம் யார் யார் கழுத்திலோ இருக்கிறது. கல் எங்களிடம் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு மண்டபம் கட்டி அதில் இந்த ஊர்க் கல் ஒன்றுகூட இல்லையென்றால் அது என்ன மண்டபம்?

தப்பு அங்கேதான் நடந்தது. எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அந்தக் கல்லில் சிலது மின்னும். மஞ்சளாக, ஊசி முனை அளவுக்கு. அது தங்கம் இல்லை, இரும்பும் கந்தகமும் சேர்ந்த சமாச்சாரம் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வீட்டிலும் டி.வி. மேல் அப்படி ஒரு கல் உட்கார்ந்திருக்கும். மின்னுகிற கல்லை எடுத்தால் எங்கள் கை தானாக அதைத் திருப்பி, மின்னுகிற பக்கத்தை மேலே வைக்கும். வெளியூர்க்காரன் அதைச் சொத்தை என்று தூக்கிப் போட்டிருப்பான். நான் தேடித் தேடிப் பொறுக்கினேன். ஒவ்வொரு துண்டையும் மின்னுகிற பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வலையில் ஒட்டினேன்.

பதிக்கிறபோது ஒரு குறையும் வைக்கவில்லை. பழைய சிமென்ட்டைக் கொத்திச் சுரண்டி, மழைத்தண்ணீர் தெருப்பக்கம் ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுத்து, பசைச் சிமென்ட்டைப் பல் வைத்த கரண்டியால் இழுத்து, பலகை பலகையாக இறக்கி ரப்பர் சுத்தியால் தட்டினேன். எங்காவது பொத்தென்று சத்தம் கேட்டால் அடியில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டுத் திரும்பப் பதிப்பேன். மண்டபத்துக் கட்டுமான மேஸ்திரி தூணில் சாய்ந்து பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். டைல் ஒட்டுவது அவர் ஆட்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை. என்னை அவர் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். டிகிரிக்கு டீ வேணுமா, டிகிரி முட்டி வலிக்குதா, இப்படி.

முடித்து, கறை மருந்து பூசி, கழுவி விட்டபோது வெளிவட்டம் வெயிலில் பொடிப் பொடியாக மின்னியது. கடைத்தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தார்.

அடுத்து ஒரு வாரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. சாரல் முகப்பு வரைக்கும் அடித்தது. எட்டாம் நாள் காலையில் மேஸ்திரியே எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தூணருகே எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னா டிகிரி, கல்லுக்குப் பேதி புடிச்சிக்கிச்சா?"

மின்னிய ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பழுப்பாகக் கோடு இறங்கியிருந்தது. வாட்டம் சரியாக இருந்ததால் எல்லாக் கோடும் ஒரே திசையில் ஓடி, பக்கத்துச் சாம்பல் கல்லிலும் கறை பிடித்திருந்தது. நான் உட்கார்ந்து விரலால் தேய்த்தேன். விரலில் துரு. மேலேயிருந்து விழுகிற கறைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சோதித்தவன், கல்லுக்குள்ளேயிருந்து வருகிற கறையை நினைத்தே பார்க்கவில்லை. மாதிரிப் பலகையில் மின்னுகிற கல் ஒன்றுகூட இல்லை.

முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மேஸ்திரி ஆசிட் ஊற்றித் தேய்க்கலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்கள் எல்லாத் தரைக்கும் அதைத்தான் செய்வார்கள். ஆசிட் இடுக்கில் இருக்கிற சிமென்ட்டைத் தின்னும், துருவைக் கிளப்பியும் விடும் என்று சொன்னேன். அப்படியானால் டைல்தான் என்று பெட்டிகளைப் பார்த்தார். அதற்குள் ஜவுளிக்கடைக்காரர் வந்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, படிச்ச புள்ளன்னு நம்பி விட்டேன். கல்லு ஏமாத்திடுச்சி. சரி வுடு, டைல ஒட்டிக்கலாம்."

"கல்லு ஏமாத்தல சார். மின்னுதுன்னு பொறுக்குனது நானு. அத்த மேல பாக்க வெச்சதும் நானு. நானே புடுங்கறேன்."

"புடுங்கிட்டு?"

"அதே கல்லத்தான் வெப்பேன். மின்னாததா பாத்து."

மேஸ்திரி சிரித்தே விட்டார். "பட்டும் புத்தி வரல பாருங்க. வேற கல்லே கெடைக்கலியா ஒனக்கு?"

"இந்தக் கல்ல இந்த ஊர்ல வெக்காம வேற எந்த ஊர்ல போய் வெக்கறது மேஸ்திரி?"

ஜவுளிக்கடைக்காரர், டைல் ஒட்ட இரண்டு நாள் வேண்டும், ஆகவே எனக்குப் பத்து நாள் என்றார். பத்தாம் நாள் காலையில் தானே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதாகவும் சொன்னார்.

அன்றைக்கே சாக்பீஸால் ஒவ்வொரு மின்னுகிற துண்டின் மேலும் ஒரு புள்ளி வைத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. அன்றைய பகல் முழுக்க ஒரு விஷயத்தைத் தேடி, என் போனில் மூன்று பக்கம் இங்கிலீஷில் படித்தேன். கல்லைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டால், துருப்பிடிக்கக்கூடியது சில நாளில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். முதலில் பச்சையாகக் கசியும், பிறகு பழுப்பாகும். படிப்பு எதற்கு உதவியது என்று லைனில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான். அந்த மூன்று பக்கங்களை என்னால் படிக்க முடிந்தது.

மிச்சமிருந்த மதில் கல்லையெல்லாம் துண்டாக்கி, வீட்டிலிருந்த கிண்ணம், தட்டு, டப்பா எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டேன். அப்பா குழம்பை டிபன் பாக்ஸ் மூடியில் ஊற்றிச் சாப்பிட்டார். அம்மா காலையும் மாலையும் கிண்ணங்களைச் சுற்றி வந்து, கசிகிறதை எடுத்துத் தனியே போட்டார். நான்காம் நாள் மாலை, கையில் ஒரு பழுப்புக் கல்லை வைத்துக்கொண்டே கேட்டார்: "இது வேலைக்கு ஆவலன்னா இன்னா பண்ணுவே? ரயிலு தெனமும் போய்க்கினுதான் கீது."

"போவட்டும்மா" என்றேன். "அதுல ஏற ஆளு நெறைய கீறாங்க."

அவர் அந்தக் கல்லை வாசலுக்கு வெளியே வீசிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போனார்.

மண்டபத்தில் பகல் முழுக்கப் பிடுங்கினேன். முதலில் சுற்றியுள்ள இடுக்கைச் சிறு பிளேடால் அறுக்க வேண்டும். பிறகு நடுவில் உளியை வைத்து, பக்கத்துக் கல் அதிராமல் துண்டைப் பொடியாக்க வேண்டும். குழியைச் சுரண்டித் துடைத்து ஈரம் காயவிட வேண்டும். நாளைக்கு அறுபது, எழுபது. நான் நன்றாகப் பதித்திருந்ததுதான் எனக்கே எதிரியாக நின்றது. ஒரு துண்டுகூடச் சுலபமாக வரவில்லை. ஏழாம் நாள் மேஸ்திரி வந்து, ஒரு குழிக்குள் உளியை விட்டு நெம்பிப் பார்த்தார். வரவில்லை. உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கெட்டியாத்தான் ஒட்டி வெச்சிக்கீற" என்றார். அன்றைக்கு அவர் என்னை டிகிரி என்று கூப்பிடவில்லை. மறுநாள் திரும்பவும் கூப்பிட்டார்.

எட்டாம் நாள் சோதனையில் தேறிய துண்டுகளைக் குழிகளில் உட்காரவைத்தேன். ஒன்பதாம் நாள் இடுக்குகளைச் சிமென்ட் குழம்பால் அடைத்தேன். கறை பிடித்த சாம்பல் கற்களின் மேல், கறையை உறிஞ்சுகிற மாவுப் பசையைக் கெட்டியாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தேன். பத்தாம் நாள் காலையில் அதைப் பெயர்த்துக் கழுவினேன். எல்லாம் போயிருந்தது, ஒன்றைத் தவிர. கதவுக்கு நேர் எதிரே ஒரு கல்லில், எலுமிச்சை விதை அளவுக்குப் பழுப்பு அப்படியே நின்றது.

ஜவுளிக்கடைக்காரர் சொன்னபடி வந்தார். அவர் கையாலேயே நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் தெருப்பக்கம் ஓடி வடிந்தது. நாற்காலி போடச் சொல்லி, மத்தியானம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து, தரை ஈரமாவதையும் காய்வதையும் மூன்று தடவை பார்த்தார். ஒரு கோடும் இறங்கவில்லை. பிறகு எழுந்துவந்து கதவெதிரே குனிந்தார். அந்த ஒரு கல்லைக் காட்டி, அதன் மேல் ஒரு மிதியடி போட்டுவிடலாமே என்று மெதுவாகச் சொன்னார்.

"வேணா சார்" என்றேன். "அது நான் பண்ண தப்பு. கண்ணுக்குத் தெரிஞ்சிக்கினே கெடக்கட்டும்."

"அடுத்த மழைல மறுபடி வந்துச்சின்னா?"

"உளி எடுத்துக்கினு நான் வருவேன். அதுக்கு மேல டைல் ஒட்ட மட்டும் வுடமாட்டேன்."

இதைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. மண்டபம் அவருடையது. அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த டைல் பெட்டிகளைச் சமையல்கட்டுப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். மேஸ்திரியின் ஆட்கள் தூக்கினார்கள். சுவரோரத்திலிருந்து கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் நான் நகரவில்லை.

அதற்குப் பிறகு நிறையக் கல்யாணங்கள் நடந்துவிட்டன. ஒவ்வொரு மழை விட்டதும் நான் பஸ் ஏறி ராபர்ட்சன்பேட்டைக்குப் போகிறேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லையென்றால் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, வெளிவட்டத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறேன். இதுவரைக்கும் பையிலிருந்து உளியை எடுக்க வேண்டி வரவில்லை. எடுக்க வேண்டி வந்தால் எடுப்பேன்.