மூன்று ஒன்றான நாள்

தேனாம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ரத்தத்தை அளக்கும் கருவியிலிருந்து எண்கள் தானாகவே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டரோ அடிக்கடி ஹேங் ஆகி நின்றுவிடும். சர்வீஸ்காரர் வந்து, அதன் நினைவகமான ரேமை உருவி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவார். ஓடும். ஊரெல்லாம் அதுதானே வைத்தியம்!

அன்று மாலையும் தேய்த்தார். தேய்த்துவிட்டுச் சும்மா போகாமல் ஒன்று சொன்னார். "ஹேங் ஆனா பரவால்ல மேடம், தெரிஞ்சிடும். ஹேங் ஆவாமயே நம்பரை மாத்திகினு இருந்தா யாருக்குத் தெரியும்?"

எனக்கு முதலில் வீட்டு ஞாபகம்தான் வந்தது. என் கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் மாத்திரை போடவேண்டும்; எவ்வளவு என்பதை எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். அன்று காலை அவர் ரிப்போர்ட்டில், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண் 1.4. ரொம்பக் குறைவு என்று மாத்திரையைக் கூட்டச் சொல்லியிருந்தார். கருவியின் திரையைப் போய்ப் பார்த்தேன். அதில் 3.4. பாழாய்ப்போன ரேம் மூன்றை ஒன்றாக்கியிருந்தது. ஏற்கெனவே போதுமான மாத்திரை, அதற்குமேல் இன்னும் என்றால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. பிரதோஷம், கோயிலுக்குப் போயிருப்பார், வந்ததும் மாத்திரை போடுவார். மாட வீதியில் கூட்டம் என்று ஆட்டோக்காரர் லஸ் முனையிலேயே இறக்கிவிட்டார். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பயத்தில் அழக்கூட வரவில்லை.

அவர் நெற்றி நிறைய விபூதியும் கையில் தம்ளருமாக நின்றிருந்தார்.

"போட்டுண்டுட்டேளா?"

"இல்லையே, இப்பத்தான் ஆத்துக்குள்ள வரேன். ஏன் இப்படி மூச்சு வாங்கறே?"

மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கருவியில் மிச்சமிருந்த எண்களையெல்லாம் ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டோம். மற்றவை சரியாக இருந்தன. அதற்கு முந்தையவற்றைக் கருவி அழித்துவிட்டிருந்தது.

இப்போது பிழை திருத்தும் ரேம் வைத்த கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஓர் எண் பிசகினால் தானே கண்டுபிடித்துத் திருத்தும், திருத்த முடியாவிட்டால் நின்றுவிடும். போன வாரம் திரையில் ஒரு வரி வந்தது: ஒரு பிழை, திருத்தப்பட்டது. எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நான் அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன். பழைய கம்ப்யூட்டரிலும் பிழை வந்திருக்கும்; அப்படியொரு வரிதான் ஒருநாளும் வந்ததில்லை. என் கையெழுத்தை நம்பி ரிப்போர்ட் வாங்கிப்போனவர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.