மலை ஏரிக்கு மூவர் போனார்கள்

சிவநேசம் கனடாவின் மொன்றியலில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை செய்கிறாள். கிழவர்களைக் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், துடைப்பாள். கொள்ளைநோய் வந்த முதல் வசந்தத்தில் அவளுடைய மாடியில் மட்டும் பதினொரு பேர் இறந்தார்கள். பெற்ற பிள்ளைகள் வாசலுக்கும் வர முடியாத அந்த நாட்களில், சாகிறவர்களின் கையைப் பிடித்திருந்தவள் அவள். யன்னல்களில் வானவில் வரைந்து ஒட்டி நன்றி சொன்ன நகரம் அடுத்த ஆண்டே அதை மறந்துவிட்டது. உறவினர்களோ எதையும் மறக்கவில்லை. அவர்களுக்கு அவள் அன்றும் இன்றும் பீத்துணி மாற்றுகிறவள்.

அவளுடைய கணவர் மகேந்திரராசா புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை பார்க்கிறார். வயது அறுபத்தொன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. இந்த வருடம் மாசி முதல் இன்சுலின் ஊசி. ஆடி அமாவாசை தோறும் அவரும் அண்ணன் கணேசலிங்கமும் ஆற்றங்கரையில் தகப்பனுக்குப் பிண்டம் வைத்து முழுகுவார்கள். பகல் கடமை முடியும்வரை விரதம்.

இந்த வருடம் கணேசலிங்கம் ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"உந்த ஆத்திலை கப்பல் எண்ணெயும் கக்கூசுத் தண்ணியும் ஓடுது. ஐயாவுக்கு அதையோ குடுக்கிறது? வடக்கை மலையிலை ஒரு ஏரி இருக்கு. பனிமலை உருகின தண்ணி. கங்கை மாதிரி."

அந்த ஏரியைக் குடைந்த பனிப்பாறை உருகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது அதில் கிடப்பது மழைத்தண்ணீர். ஆனால் கங்கை என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம்மவர்களுக்குப் புவியியல் தேவைப்படுவதில்லை.

அமாவாசையன்று காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு மூவரும் நடந்தார்கள். ஏரிக்கு இரண்டு மணி நேர ஏற்றம். வேலைநாள் என்பதால் பாதையில் வேறு எவருமில்லை. சிறிது தூரத்திலேயே கைத்தொலைபேசிகளில் சிக்னல் போய்விட்டது. கணேசலிங்கம் பூசைப் பையோடு முன்னே போனார். ஊசியிலை மரங்களின் நிழல் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிரில் கணவருடைய பிடரியில் வியர்வை வழிவதைச் சிவநேசம் கண்டாள்.

"இஞ்சேருங்கோ, காலமை ஊசி போட்டனீங்களோ?"

"ஓம். ஏன்?"

"சாப்பிடாமலோ?"

"விரதமல்லோ. ஊசி சாப்பாடில்லைத்தானே. அதாலை விரதம் முறியாது."

மருந்தைத் தவறவிடாதே என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சோற்றைத் தொடாதே என்று பஞ்சாங்கம் சொல்லியது. இரண்டுக்கும் அவர் கீழ்ப்படிந்துவிட்டார். உணவில்லாத உடம்பில் அந்த மருந்து சர்க்கரையை அடியோடு இறக்கி நினைவைக் குழப்பும் என்பது சிவநேசத்துக்குத் தெரியும். அவளுடைய மாடியில் அப்படி விழுந்தவர்களை அவள் தூக்கியிருக்கிறாள். முன்னே போன மைத்துனரைக் கூப்பிட்டாள்.

"அத்தான், நில்லுங்கோ. இவர் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடவேணும். இல்லாட்டித் திரும்புவம்."

கணேசலிங்கம் திரும்பிப் பார்த்தார். "ஐயாவுக்கு வைக்க முன்னம் மகன் தின்னுறதோ? முப்பது வருசமாச் செய்யிறம். ஒருத்தரும் சாகேல்லை."

"முப்பது வருசமா இவர் ஊசி போடேல்லை."

"பெரிய டொக்டர்! நீர் கிழடுகளுக்குப் பம்பர்ஸ் மாத்திற வேலையைப் பாரும்."

மகேந்திரராசா சிரித்தார். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் கறுப்புத் தண்ணீர். ஏரி ஒரு கோயில் கேணியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. காற்றும் இல்லை, குருவிச் சத்தமும் இல்லை. கரையோரம் இரண்டு எட்டுக்குத் தரை தெரிந்தது. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. குளிக்கத் தடை என்று பிரெஞ்சில் ஒரு பலகை நின்றது.

"அது வெள்ளையளுக்கு எழுதினது," என்றார் கணேசலிங்கம். பாறையில் உட்கார்ந்து, சோற்றில் எள்ளும் வாழைப்பழமும் போட்டு, போத்தலில் இருந்த தேன் முழுவதையும் ஊற்றிப் பிசைந்தார். ஐயர் மந்திரம் சொன்ன ஒலிப்பதிவைப் போட்டார். "தம்பி, முழுகிப்போட்டு வா. பன்னிரண்டுக்கு முன்னம் முடிக்கவேணும்."

"இறங்காதேங்கோ!" சிவநேசம் வேட்டியைப் பிடித்தாள். மகேந்திரராசா அவளுடைய கையைத் தட்டிவிட்டு இறங்கினார். ஒரு முறை முழுகினார். இரண்டாம் முறை முழுகி எழுந்தவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளையே பார்த்தார்.

"பஸ் வந்திட்டுதோ?"

கேட்டுக்கொண்டே பின்னால் ஓர் அடி வைத்தார்.

சிவநேசம் சப்பாத்தோடு பாய்ந்தாள். ஏரியின் குளிர் அவளுடைய மூச்சை அறுத்தது. கடமைக்காக அவர் போட்டிருந்த பூணூலும் தோளும் சேர்ந்து பிடிபட்டன. அவர் அவளை அடித்தார். எண்பது கிலோ கிழவர்களைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மாற்றிப் பழகிய கைகள் அவை, விடவில்லை. கரையில் அவரைச் சாய்த்து இருத்தி, பிசைந்த பிண்டத்துக்குக் கை நீட்டினாள்.

"தொடாதை! அது ஐயாவுக்கு!" கணேசலிங்கம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயா செத்து முப்பது வருசம். அவருக்குப் பசிக்காது. விடுங்கோ!"

உதறிவிட்டு, தேன் தோய்ந்த சோற்றை விரலால் கணவருடைய கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தாள். விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். மந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அது முடிந்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் அவர், "ஏன் நான் நனைஞ்சிருக்கிறன்?" என்று கேட்டார்.

அதன்பிறகு கணேசலிங்கம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "உயிரோடை இருக்கிறவனுக்குப் பிண்டம் ஊட்டிப்போட்டாய்."

அன்று மாலைக்குள் செய்தி ரொறன்ரோ வரை போய்விட்டது. பசித்த உடம்பில் ஊசி ஏற்றியதைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. தடைசெய்த ஏரியில் தம்பியை இறக்கியவரையும் எவரும் கேட்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் மகேந்திரராசா போய்விடுவார், காரணம் அவள் என்றுதான் பேச்சு. அவர் இருமினால்கூடத் தொலைபேசி வந்தது. உயிரைக் காப்பாற்றிய பெண்ணுக்கு இந்தச் சமூகம் கொடுத்த பட்டம் அது. அதைவிடக் கொடுமை, அவரும் அதை நம்பத் தொடங்கினார். இரவில் எழுந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார்.

ஐப்பசியில் சொன்னார்: "பரிகாரம் செய்யவேணுமாம். விரதமிருந்து அதே ஏரியிலை முழுகவேணுமாம். வாற அமாவாசைக்கு அண்ணை கார் கொண்டு வாறார்."

மலையில் அப்போதே பனி விழுந்திருந்தது.

அமாவாசை காலையில் சிவநேசம் ஊசிக்கு முன்னால் புட்டையும் முட்டைப் பொரியலையும் மேசையில் வைத்தாள். பிறகு கதவுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். கீழே அண்ணனுடைய காரின் கோர்ன் சத்தம் கேட்டது. மீண்டும் கேட்டது. மகேந்திரராசா எழுந்தார், அவளைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"எனக்கு ஏதும் நடந்தால் உன்னைத்தான் சொல்லுவினம்."

"சொல்லட்டும். சாப்பிடுங்கோ."

கார் புறப்பட்டுப் போய்விட்டது. அவர் ஒரு பிடி புட்டை எடுத்து வாயில் வைத்தார். மென்றார், விழுங்கினார். அடுத்த பிடிக்கு முன் வாசல் கதவைப் பார்த்தார்.