கிள்ளிப் போட்ட ஆண் பூக்கள்

சிட்டம்மாளின் விரல்கள் பரங்கிக் கொடியில் இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தன. நீளக் காம்பில் நிற்கும் மொட்டுகளை மட்டும் நகத்தால் கிள்ளி மடியில் போட்டாள். இதழுக்குக் கீழே கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருந்தால் அதைத் தொடவில்லை. அப்படிச் செய்யச் சொன்னது நிலத்துக்காரி ஆண்டாளம்மாள். காய்க்காத பூ கொடியின் சத்தைத் தின்கிறதாம்.

சிட்டம்மாளுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. கணவன் வேதகிரி கரும்பு லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவன். ஆண்டாளம்மாளின் மோட்டார் கொட்டகையை ஒட்டிய தகரச் சாய்ப்பில் இருவரும் குடியிருந்தார்கள். வேலை போனால் கூரையும் போகும்.

பக்கவாதத்தில் விழுந்த ஆண்டாளம்மாளின் கணவரைப் பார்த்துக்கொள்ள நான் அந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அப்போதுதான் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர ஆரம்பித்தன.

"பிஞ்சாண்ட வெரல நீட்டிக் காட்னியாடி?" என்று ஆண்டாளம்மாள் கேட்டாள். விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு வெம்பிவிடும் என்பது ஊர் நம்பிக்கை.

"இல்லம்மா. மடக்கித்தான் காட்டுவேன். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஒன் கண்ணுதான். கால் வெளங்காதவன வூட்ல வெச்சிக்கினு கொடியாண்ட வந்து நிக்கற இல்ல?"

ஆண் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோய்ப் பெண் பூவில் சேர்த்தால்தான் உள்ளே விதை பிடிக்கும். விதை பிடித்தால்தான் பிஞ்சு பருக்கும். இல்லையென்றால் கொடி அதை உதிர்த்துவிடும். இதை நான் சொன்னேன்.

"நீ பீ மூத்திரம் அள்ள வந்தவ, நர்சம்மா. பரங்கிக்குப் பிரசவம் பாக்காத."

ஆண்டாளம்மாளின் மகன் வெங்கடேசன் சிரித்தான். சிட்டம்மாளும் சிரித்து வைத்தாள்.

பத்து மொட்டுகளையாவது விட்டுவை என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். "காலையில வந்து பாக்கறாங்கம்மா. ஒரு வெத்துப் பூ விரிஞ்சி கீதுன்னா தோல உரிச்சிடுவாங்க," என்றாள்.

பிஞ்சுகள் உதிர்வது நிற்கவில்லை. கொடிப் பக்கமே வரக்கூடாது என்று அவளை மாட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுப்பினார்கள். பூக் கிள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை; எல்லாரும் நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலைக்குப் போயிருந்தார்கள். ஆண் பூக்கள் விடியலில் தாராளமாக விரிந்தன. தேனீக்கள் வந்தன. இரண்டு வாரத்தில் பிஞ்சுகள் தேங்காய் அளவுக்குத் திரண்டுவிட்டன.

"அவள தள்ளி வெச்சேன், காய் புடிச்சிது. இன்னும் இன்னா சாட்சி ஓணும்?" என்றாள் ஆண்டாளம்மாள்.

"பூவக் கிள்ளாம வுட்டதால புடிச்சிது," என்றேன்.

"கிள்னது யாரு? அவதான?"

"கிள்ளச் சொன்னது நீங்க."

"அவரு நனச்சிக்கினு கீறாரு. போய்த் துணிய மாத்து."

உண்மையாகவே நனைத்திருந்தார். போய் மாற்றினேன்.

அன்று சாயங்காலமே சாய்ப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

"அவர எங்கம்மா தூக்கிக்கினு போவேன்?" என்றாள் சிட்டம்மாள்.

"வரும்போது தூக்கிக்கினுதான வந்த?"

மறுநாள் காலை வெங்கடேசன் தகரத்தைக் கழற்றினான். சிட்டம்மாள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வேதகிரியின் முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நானும் அவளுமாக லோடு ஆட்டோவில் ஏற்றினோம். பழையசீவரத்தில் அவள் தங்கை வீட்டு மாட்டுக் கொட்டகையில் இடம் இருந்தது. ஆட்டோ கிளம்பும் நேரத்தில், குடியிருந்த இடத்தில் சாணி தெளிக்க வேண்டும் என்றாள் ஆண்டாளம்மாள். அதற்கும் ஆள் இல்லை. சிட்டம்மாளே இறங்கி, கரைத்து, தெளித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஏறினாள்.